தருக்கக் கட்டுரை: எங்களைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு



சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சேர், இந்த முறை எந்தக் கட்டுரை வரும்?" எனக்கென்ன தெரியும்! தலைப்பு எதுவானாலும், அது எந்த வகைக் கட்டுரை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வர்ணனை, விளக்கம், தன்வரலாறு என்பவற்றைக் கடையில் விற்கும் கட்டுரைப் புத்தகத்தைப் பாடமாக்கியாவது ஒருவாறு எழுதிவிடுகிறார்கள். தருக்கக் கட்டுரை வந்தால்தான் பேனா நின்றுவிடுகிறது.

நான் வரலாறு படிப்பிப்பவன். ஆகவே எங்கள் வரலாற்றில் இருந்தே உதாரணம் தருகிறேன்.

வர்ணனைக்கு இப்னு பதூதா போதும். 1344இல் மாலைதீவில் இருந்து வந்து புத்தளக் கரையில் இறங்கியவர். கரையில் ஒதுங்கிக் கிடந்த கறுவாத் தடிகள், ஆரியச் சக்கரவர்த்தியின் முத்துக்கள், பாவா ஆதம் மலையில் ஏறுவதற்குப் பிடித்த இரும்புச் சங்கிலிகள் என்று தான் கண்டதைச் சொல்கிறார். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று தொடங்கும் எங்கள் பிள்ளைகள் அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு கருத்தை வாசகர் ஏற்கும்படி எடுத்துச் சொல்வதற்கு அறிஞர் சித்திலெப்பை. 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் ஆங்கிலக் கல்வி வேண்டும், பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். அவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் நீட்டவில்லை.

தருக்கத்துக்கு வருவோம். 1888 ஏப்ரலில் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். விடயம், இலங்கைச் சோனகர் எந்த இனத்தவர் என்பது. அவர் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதி. வரலாறு, சமூக வழக்கங்கள், உடல் தோற்றம், மொழி ஆகியவற்றை எடுத்துக்காட்டி, சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்று முடித்தார். கட்டுரை கழகத்தின் சஞ்சிகையிலும் அச்சானது.

இது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். முஸ்லிம்களுக்குச் சபையில் தனி ஆசனம் வேண்டுமா, தமிழ்ப் பிரதிநிதியே போதுமா என்ற கேள்வி அந்தக் காலத்தில் இருந்தது. சோனகர் தமிழர்தான் என்றால் தனி ஆசனம் எதற்கு? அரசாங்கம் 1889இல் ஆசனத்தைக் கொடுத்தது. எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினரானார்.

ஆசனம் கிடைத்த பிறகும் கட்டுரைக்குப் பதில் தேவைப்பட்டது. சபைப் பேச்சு அடங்கிவிடும். அச்சில் இருக்கும் கட்டுரையை யாரும் எப்போதும் எடுத்துக் காட்டலாம் அல்லவா? 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு ஒரு மறுப்பு எழுதினார். சோனகர் சங்கம் அதை வெளியிட்டது. அதுவும் ஆங்கிலத்தில்தான்.

அஸீஸ் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம், அவர் விட்டுக்கொடுக்கும் இடம். சோனகர் தமிழ் பேசுவதை அவர் மறுக்கவில்லை. வந்த அறபு வணிகர் தமிழ்ப் பெண்களை மணந்ததையும் மறைக்கவில்லை. அவற்றை ஒப்புக்கொண்டுதான், பேசும் மொழியை மட்டும் வைத்து ஒரு மக்களின் இனத்தைச் சொல்லிவிட முடியாது என்கிறார். வணிகத்துக்கு வந்தவன் வணிகத்தில் புழங்கும் மொழியைப் பழகினான், வீட்டில் தாயின் மொழி பிள்ளைக்கு வந்தது, இதில் இனம் எப்படி மாறும்? இராமநாதன் தன் மிகப் பலமான சான்றாக நினைத்தது மொழி. அஸீஸ் கை வைத்ததும் அதில்தான்.

எங்கள் ஆள் என்பதற்காக முழுப் புள்ளியும் போட மாட்டேன். தனி முஸ்லிம் உறுப்பினர் வராமல் தடுக்கத்தான் இராமநாதன் எழுதினார் என்று அஸீஸ் சொல்கிறார். உண்மையாகவே இருக்கட்டும். ஒருவர் ஏன் எழுதினார் என்று காட்டிவிட்டால் அவர் எழுதியது பிழை என்று ஆகிவிடாது. அறபு வம்சாவளி பற்றிப் பரம்பரையாக வந்த கதையை அவர் நம்பும் அளவுக்கு, எதிர்த்தரப்பு வாசகர் ஒருவர் நம்பவும் மாட்டார். இராமநாதன் கேள்வி கேட்டதே அந்தக் கதையைப் பற்றித்தானே. (கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம். இரண்டையும் வாசித்துவிட்டு வாருங்கள்.)

இன்னொன்று, இருவருக்குமே பொதுவானது. மனிதரை இனம் இனமாகப் பிரித்து அடுக்கலாம் என்று இருவரும் நம்பினார்கள். வெள்ளைக்காரன் குடிசன மதிப்பில் போட்ட கட்டங்களுக்குள் நின்றுதான் வாதாடினார்கள். ஒருவன் ஒரே நேரத்தில் இரண்டு கட்டத்தில் நிற்க முடியுமா என்று இருவரும் கேட்கவில்லை.

வரும் வாரம் என் தரம் 11 பிள்ளைகளுக்கு இதைத்தான் தலைப்பாகக் கொடுக்கப் போகிறேன்: "ஒரு சமூகத்தின் இனத்தை அதன் மொழியை வைத்துத் தீர்மானிக்கலாம்." பாதிப்பேர் ஆதரித்து எழுத வேண்டும், பாதிப்பேர் எதிர்த்து. யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம். எதிர்த்தரப்பின் மிகப் பலமான காரணம் ஒன்றை முதல் பந்தியிலேயே எழுதாதவருக்குப் புள்ளி குறையும். வாப்பாமார், உம்மாமார் பிள்ளையோடு இருந்து வாதாடலாம். எழுதிக் கொடுக்க மட்டும் வேண்டாம்.