அஹூஜா சத்தமா, குழாய் சத்தமா?

நமது சங்கத்துக்குப் புது மைக் செட் வாங்கும் பேச்சு நடக்கிறது. "அஹூஜா சத்தமே தனி" என்கிறார்கள் பலர். ஆம்ப்ளிஃபயருக்குக் கம்பெனி வாரியாகத் தனிக் குரல் உண்டா?

1940-இல் டில்லியில் தொடங்கிய அஹூஜா, கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம் என எங்கும் பரவியது. பாடியில் ஆடிக் கூழ் வார்க்கும்போது நாம் கேட்பதோ பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கர் வழியாக. பேச்சைத் தூரத்துக்குக் கொண்டுபோவதே குழாயின் வேலை. தவிலின் கனத்த அடி அதில் எடுபடாது. நாம் அடையாளம் காண்பது குழாயின் குரலைத்தான்.

வால்வு காலத்து ஆம்ப்ளிஃபயர்களில் வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. அவற்றின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலியை மாற்றின. ஆனால் 1985-இல் அமெரிக்காவின் பாப் கார்வர், விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஒலியைத் தமது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவந்து காட்டினார். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகையின் தேர்ந்த காதுகளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆக, குரல் இருப்பது சர்க்யூட்டிலும் ஸ்பீக்கரிலும், பெயர்ப்பலகையில் அல்ல. அஹூஜா உழைக்கும், பழுது பார்க்க ஆள் கிடைக்கும் என்று வாங்கினால் சரி. இனிமைக்காக என்றால், கூடுதல் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுவதே கணக்குக்கு ஒத்துவரும். உறுப்பினர்கள் யோசிக்கவும்.