விற்பனைக் கணக்கும் ‘தேவை’ என்னும் சொல்லும்

சில்லறை விற்பனைக் கணக்கைக் கொண்டு மக்களின் உணவுத் தேவையை அறிய முற்படுவோர்க்குச் சொற்பொருள் தெளிவு இன்றியமையாதது. பொருளியலில் ஒரு பொருளை விரும்புதல் மட்டுமன்றி, அதற்குரிய விலையைக் கொடுக்கும் ஆற்றலும் சேர்ந்த நிலையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘தேவை’ எனவும், இலங்கைப் பாடநூல்கள் ‘கேள்வி’ எனவும் வழங்குகின்றன. பொதுவழக்கிலோ ‘தேவை’ என்பது இன்றியமையாமையையே உணர்த்தும். இவ்விரு பொருளும் மயங்குமிடத்து விளையும் இடரை இந்திய உணவு வரலாறு காட்டுகிறது.

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இருந்தும் அதைப் பெறும் வழியை இழந்தோர் மாண்டனர் என்பதை 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வாங்க இயலாதவனின் பசி எந்தக் கடைக் கணக்கிலும் பதிவாவதில்லை. 1950இல் மகலனோபிசு முயற்சியால் தோன்றிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, கடையை விடுத்து வீட்டை அணுகியது. சொந்த விளைச்சல், கூலியாகப் பெற்ற தானியம் ஆகியவையும் அதனால் கணக்கில் வந்தன. இவை விற்பனைப் பதிவுக்கு எட்டாதவை.

1997 சூன் திங்களில் பொது வழங்கல் முறை வறுமைக் கோட்டின் அடிப்படையில் இரண்டாகப் பகுக்கப்பட்டது. 2000இல் கோட்டிற்கு மேற்பட்டோர்க்கு உரிய வழங்கல் விலை, அரசுக்கு ஆகும் முழு அடக்க விலை அளவுக்கு உயர்த்தப்பட்டது. நியாயவிலைக் கடைகளின் வழியே சென்ற தானியம் குறைந்தது. கிடங்கிலோ இருப்பு பெருகியது. சூலை மாதத்திற்கு வேண்டிய இருப்பு ஏறத்தாழ 2.43 கோடி டன்னாக இருக்க, 2002 சூலையில் அது 6 கோடி டன்னைக் கடந்தது. விற்பனைக் கணக்கை மட்டும் நோக்கின், மக்களுக்குத் தானியம் வேண்டியிருக்கவில்லை என்ற முடிவே கிடைக்கும். ஆனால் அதே காலத்தில், 2001இல், கிடங்குகள் நிறைந்திருக்க மக்கள் பட்டினியில் வாடுவதைச் சுட்டி உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள் இடைக்கால ஆணை, உணவுத் திட்டங்களின் பயன்களைச் சட்டப்படியான உரிமைகளாக்கியது.

எனவே விற்பனை குறைதல், விருப்பம் குறைந்ததாலும் நேரலாம். விலை உயர்ந்ததாலோ, பட்டியலில் பெயர் விடுபட்டதாலோ, கடையில் சரக்கு இல்லாமையாலோ நேரலாம். இவற்றைப் பிரித்தறிய விலை, வருவாய், வீட்டு நுகர்வு ஆகிய மூன்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். விற்பனைக் கணக்கு காட்டுவது ‘கேள்வி’யே, ‘தேவை’ அதனினும் பெரிது. இவ்வேறுபாட்டைப் பேணும் கலைச்சொல்லாக்கம் மொழிநலன் கருதிய செயல் மட்டுமன்று. உணவுக் கொள்கையின் நேர்மைக்கும் துணையாவதாகும்.