முக்காலியில் பிறந்த பட்டம்

பதினாறாம் நூற்றாண்டு கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்க வேண்டுமென்றால் வாயாட வேண்டும். சாம்பல் புதனன்று வாதசபை கூடும். ஏற்கெனவே பட்டம் பெற்ற ஒருவர் முக்காலி ஒன்றில் வந்து உட்கார்ந்து, புதிதாகப் பட்டம் கேட்டு நிற்கும் பையன்களைக் குறுக்குக் கேள்வி போட்டு மடக்குவார். கிரேக்க, லத்தீன் வாடையில் முக்காலிக்கு ட்ரைபாஸ் என்று பெயர். உட்கார்ந்தவருக்கும் அதுவே பெயராயிற்று: மிஸ்டர் ட்ரைபாஸ். நாளாக ஆக இந்த ஆசாமி வாதத்தை மறந்து நையாண்டியில் இறங்கினார். எல்லை மீறியதும் பல்கலைக்கழகம் அவர் வாயைக் கட்டியது. முக்காலி போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை.

அவருக்குப் பதிலாக லத்தீனில் கிண்டல் பாட்டு அச்சடித்து விநியோகித்தார்கள். அந்தத் தாளுக்கும் ட்ரைபாஸ் என்றே பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ சிக்கனக்காரர் தாளின் பின்பக்கம் வீணாவதைப் பார்த்திருக்க வேண்டும்; ஆனர்ஸ் தேறியவர்களின் பட்டியலை அங்கே அச்சிட ஆரம்பித்தார்கள். முக்காலியின் பெயர் தாளுக்கு, தாளின் பெயர் பட்டியலுக்கு, பட்டியலின் பெயர் தேர்வுக்கு என்று தாவிவிட்டது. ஆனால் அந்தத் தேர்வு ஒரே ஒரு பாடத்துக்குத்தான் கௌரவம் கொடுத்தது.

கணிதம். முதலிடம் பிடித்தவர் சீனியர் ராங்க்லர். ஆனர்ஸ் பட்டியலின் கடைசியில் தொங்கியவருக்கும் பரிசு உண்டு. அவர் துணைவேந்தர் முன் மண்டியிடும்போது மாடத்திலிருந்து நண்பர்கள் ஒரு மரக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். வேதியியல் படித்தவருக்கோ இந்தக் கரண்டிகூடக் கிடைக்காது.

1848-இல் வில்லியம் ஹியூவெல் என்ற கல்லூரித் தலைவரின் முயற்சியில் இயற்கை அறிவியல் ட்ரைபாஸ் பிறந்தது. 1851-இல் முதல் தேர்வு. உடற்கூறு, தாவரவியல், நிலவியல் வரிசையில் வேதியியலுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் இந்தத் தேர்வை மட்டும் எழுதிப் பட்டம் வாங்க முடியாது. வேறு வழியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் போல இந்த நிலை. யார் எழுத வருவார்கள்? இதைவிட வேடிக்கை, இயற்கை அறிவியல் என்று பெயர் வைத்த தேர்வில் இயற்பியலே இல்லை.

ஒளியும் இயக்கமும் கணிதக்காரர்களின் பரம்பரைச் சொத்து. வெப்பம், மின்சாரம், காந்தம் மூன்றையும் கணிதத் தேர்வும் அப்போதுதான் வெளியே தள்ளியிருந்தது. நம் ஊர்க் கல்லூரியில் இயற்பியல் மெயின் எடுத்தால் வேதியியல் அலைடாக வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே அந்த ஒட்டுறவும் கிடையாது. 1869-இல் பல்கலைக்கழகக் குழு ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது: இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் கட்டவும் கருவிகள் வாங்கவும் 6,300 பவுண்டு வேண்டும். கல்லூரிகள் கையை விரித்தன.

1870 அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பல்கலைக்கழகத்தின் வேந்தர், டெவன்ஷர் பிரபு. முழுச் செலவும் தன்னுடையது என்றார். அவர் 1829-இன் இரண்டாம் ராங்க்லர். கடிதம் வந்த அடுத்த ஆண்டு பேராசிரியராக வந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லும் இரண்டாம் ராங்க்லர்தான்! கட்டடம் எழும்பும்வரை மேக்ஸ்வெல்லுக்கு நாற்காலி போட இடமில்லை. ஒரு பருவம் வேதியியல் வகுப்பறை, அடுத்தது தாவரவியல், அதற்கடுத்தது உடற்கூறு. குயில் போலப் பிறர் கூட்டில் முட்டையிட்டுத் திரிகிறேன் என்று நண்பருக்கு எழுதினார். 1874-இல் கேவெண்டிஷ் ஆய்வுக்கூடம் திறந்தது. ஐந்தே ஆண்டில், 48 வயதில் மேக்ஸ்வெல் இறந்தார்.

அடுத்து வந்தவர் ராலே பிரபு. 1880-களின் தொடக்கத்தில் ட்ரைபாஸை இரண்டாக உடைத்தார்கள்: முதல் பகுதியில் பல அறிவியல்கள், இரண்டாம் பகுதியில் ஆழமாக ஒன்று. இயற்பியலும் வேதியியலும் ஒரே மாணவனின் மேசைக்கு வர வழி திறந்தது. அந்தக் கூட்டணியால் என்ன ஆகும் என்று காட்டியதோ பதவியை விட்டுத் தன் வீட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிட்ட ராலேதான்.

அவர் நைட்ரஜனை எடை போட்டுக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்தது குடுவைக்கு 2.310 கிராம். ரசாயனப் பொருள்களிலிருந்து பிரித்தது 2.299. வித்தியாசம் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. வேறொருவர் தராசைத் திட்டிவிட்டுப் போயிருப்பார். ராலே 1892-இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதி, வேதியியலாளர்கள் யாராவது காரணம் சொல்லுங்கள் என்று கேட்டார். லண்டனில் வில்லியம் ராம்ஸே செவி சாய்த்தார். காற்றின் நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மீது திரும்பத் திரும்பச் செலுத்தினார். கொஞ்சம் வாயு எதற்கும் மசியாமல் மிஞ்சியது.

அது புதிதா? 1785-இலேயே ஹென்றி கேவெண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சி, கடைசியில் ஒரு சின்னக் குமிழி மிஞ்சியதைக் குறித்து வைத்திருந்தார். மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று. டெவன்ஷர் பிரபுவின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். நூறாண்டுக்கு மேல் யாரும் அந்தக் குமிழியைப் பொருட்படுத்தவில்லை. எதனோடும் சேராத அந்த வாயுவுக்குச் சோம்பேறி என்று பொருள்படும் ஆர்கான் என்ற பெயரை வைத்தார்கள். சேர்மமே உண்டாக்காததை வேதியியல் எப்படி அளக்கும்? அதற்குள் ஒலி பாயும் வேகத்தை அளந்து, ஒற்றை அணுவாகத் திரிவது என்று இயற்பியல் சொன்னது.

1904-இல் நோபல் குழுவுக்குத் தர்மசங்கடம் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. இயற்பியல் பரிசு ராலேக்கு, வேதியியல் பரிசு ராம்ஸேக்கு.

இன்று கேம்பிரிட்ஜில் சேரும் மாணவி முதலாண்டில் மூன்று அறிவியல்களையும் கூடவே கணிதத்தையும் எடுக்கிறாள். இரண்டாம் ஆண்டிலும் இயற்பியல், வேதியியல் இரண்டையும் விடாமல் கால அட்டவணை போட்டுக்கொள்ளலாம். தேர்வின் பெயர் இன்னமும் முக்காலிதான். மூன்று ஆண்டு குவாண்டம் படித்து முடித்தவள் கையில் கொடுப்பது பி.எஸ்ஸி. அல்ல, பி.ஏ.