அழகர் ஆற்றில் இறங்குவது தங்கை கல்யாணத்துக்கா? புராணம் சொல்வது வேறு!

தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த கள்ளழகர், தாலி கட்டி முடிஞ்சிடுச்சுன்னு கேட்டதும் கோவிச்சுக்கிட்டு வைகையில இறங்கிட்டார். மதுரையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை இது.

ஆனால் தலபுராணத்தில் கல்யாணமும் இல்லை, கோபமும் இல்லை. துர்வாசர் சாபத்தால் தவளையான சுதபஸ் முனிவருக்கு விமோசனம் தரவே அழகர் வருகிறார். ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர் பக்கம் தேனூர் மண்டபத்தில் அது நடக்கும்.

அதென்ன தேனூர்? முன்பு சோழவந்தான் அருகே உள்ள தேனூரில்தான் அழகர் ஆற்றில் இறங்கினாராம். 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதை மதுரைக்கு மாற்றி, மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரைக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். இரண்டு விழாவும் அடுத்தடுத்து வர, அண்ணன் - தங்கை கதையும் ஒட்டிக்கொண்டது.

சரி, மீனாட்சியை யார்தான் தாரை வார்த்துக் கொடுக்கிறார்? திருப்பரங்குன்றத்தில் இருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள்!