கஸ்டடி வழக்கில் வாய்தா, அதே நாளில் ஆஸ்பத்திரி... என்ன செய்யணும்?

குழந்தை யாரிடம் வளரணும் என்று முடிவு செய்யும் கஸ்டடி வழக்கு. செவ்வாய்க்கிழமை வாய்தா. திங்கட்கிழமையே டெங்கு காய்ச்சல்னு டாக்டர் அட்மிட் பண்ணிட்டார். 'உடம்பு சரியில்லைன்னா கோர்ட்ல விட்டுடுவாங்க' என்று சும்மா இருந்துடாதீங்க. தகவல் சொல்லாமல் வராவிட்டால், நீங்கள் போட்ட மனு தள்ளுபடி ஆகலாம். எதிர்தரப்பு போட்ட மனு என்றால், உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டு வழக்கைத் தொடரலாம்.

முதல் போன் வக்கீலுக்கு

வாய்தாவைத் தள்ளிவைக்கக் கேட்டு வக்கீல் மனு கொடுப்பார். வக்கீல் இல்லையா? 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

சர்ட்டிஃபிகேட்டில் என்ன இருக்கணும்?

'ஓய்வு தேவை' என்ற ஒற்றை வரி போதாது. அட்மிட் ஆன தேதி, எத்தனை நாள் பயணம் கூடாது என்ற விவரம், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். பொய் சர்ட்டிஃபிகேட் மட்டும் வேண்டவே வேண்டாம். மாட்டினால் உங்கள் பேச்சை அப்புறம் நீதிபதி நம்பமாட்டார்.

இன்னொரு விஷயம். மனுவின் நகல் எதிர்தரப்புக்கும் போகும். மனநல சிகிச்சை மாதிரியான விவரங்களை வைத்து, 'இவரால் குழந்தையைப் பார்த்துக்க முடியாது' என்று வாதாட வாய்ப்பு உண்டு. எந்த அளவு சொன்னால் போதும் என்று வக்கீலிடம் முதலிலேயே பேசிடுங்க. நோய் வந்ததாலேயே கஸ்டடி கைவிட்டுப் போகாது. 1956-ம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, குழந்தையின் நலன்தான் முதன்மை.

எத்தனை முறை கேட்கலாம்?

உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது. ஆனால், திடீரென ஆஸ்பத்திரியில் சேர்வது போன்ற தவிர்க்க முடியாத சூழலில் விதிவிலக்கு தரலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எதிர்தரப்புக்குச் செலவுத்தொகை கொடுக்கச் சொல்லியும் உத்தரவு வரலாம்.

வாய்தா தள்ளினாலும் இது தள்ளாது

வாரா வாரம் குழந்தையைக் காட்டணும் என்று இடைக்கால உத்தரவு இருந்தால், அது அப்படியேதான் இருக்கும். உங்களால் அழைத்துப்போக முடியலைன்னா, தாத்தா பாட்டியோடு அனுப்பலாமா, வேறு நாள் ஈடுசெய்யலாமா என்று அதே மனுவில் கேளுங்க. உத்தரவுக்குக் காலக்கெடு இருந்தால், நீட்டிக்கவும் கேட்கணும்.

தேதி தவறிப்போச்சா?

மனு தள்ளுபடி ஆனாலோ, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்தாலோ, 30 நாளுக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். தாமதமானால், அதற்கான காரணத்தைச் சொல்லித் தனியாக மனு போடணும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எதையும் தூக்கிப் போடாதீங்க.

அடுத்த வாய்தா என்றைக்குன்னு தெரிந்துகொள்ள, இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்பில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைப் போட்டுப் பாருங்க. படுக்கையில் இருந்தபடியே பார்த்துடலாம்.