காபியில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்... செல்லுக்குள் போய் என்னதான் செய்யுது?

ஜவ்வாது மலைக் காடுகளில் கிடைக்கும் கடுக்காயை ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். துவர்ப்பில் நாக்கு அப்படியே இழுத்துக்கொள்ளும். பாலிஃபீனால் என்கிற தாவர வேதிப்பொருள்களின் வேலை அது. பூச்சி, பூஞ்சை, வெயில் என எல்லாவற்றிடமிருந்தும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மரம் தயாரிக்கும் கவசம். ஜவ்வாதைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஏற்காட்டில், 1820-களிலிருந்து காபி விளைகிறது. அந்தக் காபிக்கொட்டையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான் ஹீரோ. பெயர், குளோரோஜெனிக் அமிலம்.

'காபி குடிச்சா ஆன்டிஆக்ஸிடன்ட் ஏறும்'னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அது பாதிக்கதைதான். மீதிக்கதையில் உங்கள் இரும்புச்சத்தும் இருக்கு!

செல்லுக்குள் என்ன பிரச்னை?

சாப்பாட்டைச் சக்தியாக மாற்றும்போது செல்லுக்குள் ஃப்ரீ ரேடிக்கல்ஸ் உருவாகும். அடுப்பு எரிந்தால் புகை வருமே, அந்த மாதிரி. அளவோடு இருந்தால் சிக்கல் இல்லை. அதிகமானால் டி.என்.ஏ, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் சேதப்படுத்தும். இதைச் சமாளிக்க செல்லிடமே குளூட்டாதயோன் போன்ற பொருள்களும், சில என்ஸைம்களும் இருக்கின்றன.

துடைப்பம் இல்லை, அலாரம்

சோதனைக் குழாயில் குளோரோஜெனிக் அமிலம் ஃப்ரீ ரேடிக்கல்ஸை நேரடியாகவே துடைத்துவிடும். உடம்பில் கதை வேற. குடித்ததில் ஒரு பகுதிதான் சிறுகுடலில் உறிஞ்சப்படும். மீதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்து வேறு பொருள்களாக மாற்றும். கடைசியில் ரத்தத்துக்கு வருவது ரொம்பக் கொஞ்சம். அதனால், நேரடியாகத் துடைப்பதைவிட செல்லின் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்புவதுதான் இதன் முக்கிய வேலையாக இருக்கும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

அது எப்படி? செல்லுக்குள் 'என்.ஆர்.எஃப்-2' என்று ஒரு புரதம் உண்டு. சாதாரண நேரத்தில் 'கீப்-1' என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துவைத்து, அழிக்க அனுப்பிக்கொண்டே இருக்கும். லேசான ரசாயனச் சீண்டல் வந்தால் அந்தப் பிடி தளரும். உடனே என்.ஆர்.எஃப்-2 செல்லின் உட்கருவுக்குள் போய், பாதுகாப்பு ஜீன்களை ஆன் செய்யும். குளூட்டாதயோன் தயாரிப்பு கூடும், நச்சு நீக்கும் என்ஸைம்கள் பெருகும்.

இந்தச் சீண்டலைக் காபியில் இருக்கும் பல பொருள்கள் செய்வதை, செல்கள் மற்றும் விலங்குகள் மீதான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கஃபெஸ்டால், காவியால் என்ற எண்ணெய்ப் பொருள்களும் அதில் அடக்கம்.

மனிதர்களிடம் நிரூபணம் இருக்கா?

இருக்கு, ஆனால் சின்ன அளவில். ஜெர்மனி விஞ்ஞானிகள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 33 பேர் 4 வாரங்களுக்குத் தினமும் 750 மில்லி காபி குடித்தார்கள். டி.என்.ஏ சேதம் குறைந்தது, குளூட்டாதயோன் நிலை மேம்பட்டது. ஆனால், அது ஆய்வுக்கென்றே தயாரித்த ஸ்பெஷல் காபி. நம்ம சர்க்கரை போட்ட பால் காபிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

'அப்போ ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையே போட்டுக்கலாமே?' அவசரப்படாதீங்க. ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமாக வந்திருந்தது. அதிகமா போட்டா அதிக நன்மைன்னு இதில் கணக்குப் போட முடியாது.

இரும்புச்சத்துக்கு வேட்டு

பாலிஃபீனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். 1983-ல் வந்த ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39% குறைந்தது. சாப்பிட்டு 1 மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் அதே அளவு பாதிப்பு. சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு குடித்தபோது பாதிப்பே இல்லை!

இது நமக்கு ஏன் முக்கியம்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இட்லி சாப்பிட்ட கையோடு காபி டம்ளரை எடுக்கும் பழக்கம் இவர்களுக்குத்தான் அதிக நஷ்டம்.

சரி, எப்படிக் குடிக்கலாம்?

* நேரம்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பே காபியை முடித்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தால் இது கட்டாயம். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கவே கூடாது.
* வறுவல்: கருக வறுக்க வறுக்க குளோரோஜெனிக் அமிலம் குறையும். மிதமான வறுவல் நல்லது.
* பாக்கெட்: சிக்கரி கலந்த தூளில் 49% வரை சிக்கரி இருக்கலாம். எவ்வளவு சதவிகிதம் என்று பார்த்து வாங்குங்கள்.
* ஃபில்டர்: தூளைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கஃபெஸ்டால் அதிகமாக இறங்கும். செல்லை எழுப்பும் அதே பொருள், கெட்ட கொழுப்பையும் ஏற்றும். பேப்பர் ஃபில்டர் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.
* அளவு: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம். இது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன வரம்பு.

காபி மருந்து இல்லை, விஷமும் இல்லை. செல்லுக்குள் இருக்கும் காவலரை அது எழுப்பிவிடலாம். அந்தக் காவலருக்குச் சோறு போடுவது நல்ல சாப்பாடும் தூக்கமும்தான். அந்தச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே காபியை முடித்துவிடுங்கள்.