பாதியில் நின்ற செடி

தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் பாடமாக நடத்தும்போது 'கையொப்பக்காரர்' என்னும் சொல்லில் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. நூல் அச்சேறும் முன்பே பொருள் தருவதாகக் கையொப்பமிட்டவர்கள் அவர்கள். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. பதிப்பித்தவர் உழைப்பைத் தந்தார். வாசகர் வாக்கைத் தந்தனர்.

ஏறத்தாழ இதே உடன்பாட்டை மின்நூலில் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங். 2000 ஜூலையில் 'தி பிளான்ட்' (செடி) என்னும் தொடர்கதையின் முதற்பகுதியைத் தம் இணையதளத்தில் தாமே வெளியிட்டார். இடையில் பதிப்பகம் இல்லை. கோப்புக்குப் பூட்டும் இல்லை. விலை 1 டாலர். பணம் செலுத்தாமலும் தரவிறக்கிக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான்: தரவிறக்குவோரில் 75 விழுக்காட்டினரேனும் பணம் தந்தால் கதை தொடரும்.

முதற்பகுதிக்கு அவ்வளவு பேர் தந்தனர். நான்காம் பகுதிக்கு விலை 2 டாலராயிற்று. பணம் தந்தோர் 46 விழுக்காடாகக் குறைந்தனர். 2000 டிசம்பரில் ஆறாம் பகுதியை இலவசமாகத் தந்துவிட்டுக் கிங் தொடரை நிறுத்தினார். அவருக்கு நட்டமில்லை, செலவு போக நான்கு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. இழந்தவர்கள், ஒழுங்காகப் பணம் செலுத்திவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த வாசகர்களே. அக்கதை இன்றளவும் முடியவில்லை.

வாக்குத் தவறுவது வாசகர் மட்டுமல்லர். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களை உரிமையற்ற ஒருவர் கிண்டிலில் விற்றது தெரியவந்ததும், 2009 ஜூலையில் அமேசான் அவற்றை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆயினும், காசு கொடுத்து வாங்கிய நூல் சொல்லாமல் மறையக்கூடும் என்பதை வாசகர் கண்டுகொண்டனர். அச்சு நூலை விற்ற கடைக்காரர் எவரும் நம் வீட்டு அலமாரியைத் திறந்ததில்லை.

அண்மையில் என் மாணவர் ஒருவர், புதிதாக வந்த கவிதைத் தொகுப்பொன்றின் பிடிஎஃப் கோப்பை அன்போடு அனுப்பிவைத்தார். "மின்நூலாகவே விற்பனையில் இருக்கிறதே, வாங்கியிருக்கலாமே" என்றேன். "வாங்கினாலும் அது நம்முடையதாகுமா ஐயா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பதிப்பாளர்களும் விற்போரும். ஆனால் என்னிடம் வந்துவிட்ட அந்தக் கோப்பை வைத்துக்கொள்வதா, இன்னொருவருக்கு அனுப்புவதா, அழிப்பதா என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்ல முடியாது. அழித்துவிட்டு, நூலை வாங்கினேன்.